உதவியை நிறுத்தும் முன்: ஆப்பிரிக்காவில் உரிமை மீறலும் நிதி முடிவும்

தேர்தலில் முறைகேடு நடந்ததென்று தெருவுக்கு வந்தவர்களை அரசே சுடுகிறது. அந்த அரசுக்கு நிதியும் வரிச்சலுகையும் தரும் நாடு என்ன செய்வது? "எல்லாவற்றையும் நிறுத்து" என்ற கோபம் நியாயமானதுதான். ஆனால் அடி யார்மேல் விழும் என்று பார்க்காமல் எடுக்கும் முடிவு, சுடப்பட்டவரின் குடும்பத்தையே பட்டினி போடும்.

முதலில், பணம் போகும் வழிகளைத் தனித்தனியாக எழுதுங்கள்: கருவூலத்துக்கு நேராகப் போகும் பட்ஜெட் உதவி, படைப் பயிற்சி, பள்ளி-மருத்துவமனைத் திட்டங்கள், உணவு நிவாரணம், ஏற்றுமதி வரிச்சலுகை. ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போடுபவர் யார், அது நின்றால் யார் வீட்டில் அடுப்பு எரியாது என்று குறித்துக்கொள்ளுங்கள். படைப் பயிற்சியும் பட்ஜெட் உதவியும் முதலில் நிற்கட்டும். நிவாரணத்தில் கை வைக்கவே கூடாது.

சிக்கல் வரிச்சலுகையில்தான். மடகாஸ்கரில் 2009இல் ஆட்சி கவிழ்க்கப்பட்டதும், ஆப்பிரிக்கப் பொருள்களை வரியில்லாமல் தன் சந்தையில் விற்கவிடும் 'அகோவா' (AGOA) சலுகையை அமெரிக்கா 2010 ஜனவரி முதல் விலக்கிக்கொண்டது. ஆடைத் தொழிற்சாலைகள் மூடின. பல்லாயிரம் பேர், பெரும்பாலும் பெண்கள், வேலையிழந்தார்கள். ஆட்சியைப் பிடித்த ரஜோலினாவோ 2014 ஜனவரி வரை பதவியில் இருந்தார். அந்த ஆண்டு சலுகை திரும்பியது. ஆனால் வேறு நாட்டுக்குப் போன ஆர்டர், சலுகை திரும்பிய வேகத்தில் திரும்பாது. ஆகவே சலுகையைக் கடைசி ஆயுதமாக வையுங்கள். அதற்கு முன், உத்தரவிட்ட அதிகாரிகளின் வெளிநாட்டுச் சொத்துகளை முடக்குவது, பயணத் தடை, படைக்குச் சொந்தமான நிறுவனங்களோடு வணிகத்தை நிறுத்துவது என்று படிப்படியாகப் போகலாம்.

பணத்தை நிறுத்தாமல் வழியை மாற்றவும் முடியும். எத்தியோப்பியாவில் 2005 தேர்தல் வன்முறைக்குப் பின் கொடை நாடுகள் பட்ஜெட் உதவியை நிறுத்தின. 2006 முதல் அடிப்படைச் சேவைத் திட்டமொன்றின் வழியாக மாவட்டங்களில் ஆசிரியர், செவிலியர் சம்பளத்துக்குப் பணம் போனது. இதிலும் ஓட்டை உண்டு. அந்த நாட்டின் கம்பெல்லா பகுதியில் வாழும் அனுவாக் இன மக்களை நிலத்திலிருந்து பெயர்க்கும் வேலையிலும் அந்தச் சம்பளம் வாங்கும் ஊழியர்களே ஈடுபடுத்தப்பட்டதாக, அந்த மக்கள் 2012இல் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டார்கள். சம்பளப் பட்டியலைத் தணிக்கை செய்தால் மட்டும் போதாது. வாங்கியவர் அந்த மாதம் என்ன வேலை செய்தார் என்றும் பாருங்கள்.

எதைச் செய்தால் உதவி திரும்பும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்: இத்தனை கைதிகள் விடுதலை, இன்ன வானொலி நிலையம் திறப்பு, இந்தத் தேதிக்குள். "நிலைமை மேம்பட வேண்டும்" என்ற வரியை எந்த அரசும் தனக்குச் சாதகமாகவே படிக்கும். புருண்டியில் ஐரோப்பிய ஒன்றியம், ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளோடு செய்த கோட்டோனூ ஒப்பந்தத்தில் உரிமை மீறலுக்கு எதிராக நடவடிக்கை எடுக்க இடம் தந்த 96ஆம் பிரிவின்படி 2016 மார்ச்சில் அரசுக்கான நேரடி நிதியை நிறுத்தியது. மக்களுக்கான உதவி தொடர்ந்தது. தடை நீங்க 2022 வரை ஆனது. அவ்வளவு காலம் தாங்கும் மாற்று வழியை முதல் நாளே திட்டமிட வேண்டும்.

முடிவுக்கு முன் உள்ளூர்த் தொழிற்சங்கத்தினர், வழக்கறிஞர்கள், நிருபர்களைக் கேளுங்கள். சொன்னவர் பெயரையோ ஊரையோ அறிக்கையில் போடாதீர்கள். அந்த அறிக்கையை அந்த நாட்டு உளவுத்துறையும் படிக்கும்.