கேட் (CAD, கணினி வழி வடிவமைப்பு) மாடலில் கண்ணாடியைக் கண்ணாடியாகக் காட்டுவது எப்படி?

கண்ணாடி வைக்க வேண்டும் என்றதும் எல்லோர் கையும் முதலில் போவது டிரான்ஸ்பரன்சி (ஒளி ஊடுருவும் தன்மை) ஸ்லைடருக்குத்தான். 80 வரை இழுத்துவிட்டு ரெண்டர் போட்டால் (மாடலை நிஜப் படம் போல ஆக்கினால்) கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை மாதிரி தெரியும், சரி கொஞ்சம் நீலம் சேர்ப்போம் என்று சேர்த்தால் பாலிதீன் தாள் ஒட்டியது போல ஆகிவிடும். நிஜத்தில் கண்ணாடி நம் கண்ணில் படுவது அதன் விளிம்பாலும், அதில் விழும் பிரதிபலிப்பாலும், பின்னால் இருப்பது லேசாக நெளிந்து தெரிவதாலும்தான். கவனிக்க வேண்டிய இடங்களும் அவையே.

2டி வரைபடத்தில் இருந்து ஆரம்பிக்கலாம், இது சுலபம். எலிவேஷனில் (நேர்ப் பக்கத் தோற்றத்தில்) ஜன்னல் கண்ணாடிக்கு மெல்லிய சாய்ந்த கோடுகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஒன்றிரண்டு இடத்தில் வந்தால் போதும், பலகை முழுக்க ஹேட்ச் (கோட்டு நிரப்பல்) நிரப்பினால் அது கூரைத் தகடு போல ஆகிவிடும். செக்‌ஷனில் (வெட்டுத் தோற்றத்தில்) அளவுகோலைப் பாருங்கள்: 6 மி.மீ. கண்ணாடி 1:100-இல் தாளில் 0.06 மி.மீ., வழக்கமாகப் போடும் மிக மெல்லிய கோடே 0.13 மி.மீ., அதனால் அங்கே ஒற்றைக் கோடுதான் சரி. அதுவே 1:5 டீடெய்லில் 1.2 மி.மீ. வரும், அப்போது இரண்டு கோடு போடலாம். ஆட்டோகேடில் லேயருக்கோ பொருளுக்கோ 0 முதல் 90 வரை டிரான்ஸ்பரன்சி கொடுக்கலாம். திரையில் அழகாகத் தெரிவது பிளாட்டில் (தாளில் அச்சிடும்போது) அடைத்துக்கொண்டு வந்தால் பதற வேண்டாம், பிளாட் பெட்டியில் டிரான்ஸ்பரன்சிக்குத் தனியாக ஒரு டிக் இருக்கிறது, அது முதலில் அணைந்தே இருக்கும்.

அப்புறம் 3டி. இங்கே பாதி தவறு மெட்டீரியலுக்கு முன்பே, மாடல் செய்யும்போதே நடந்துவிடுகிறது. தடிமன் இல்லாத ஒற்றைப் பரப்புக்குக் கண்ணாடி மெட்டீரியல் கொடுத்தால் ஒளி உள்ளே நுழையும், வெளியே வர மறுபக்கம் இருக்காது, ரெண்டர் எஞ்சின் அதற்குப் பின்னால் இருப்பது எல்லாமே கண்ணாடி என்று நினைத்துக்கொள்ளும். ஆகவே நிஜத் தடிமனோடு மூடிய சாலிடாக (திண்ம வடிவாக) செய்யுங்கள், நார்மல்கள் (ஒவ்வொரு முகமும் பார்க்கும் திசைகள்) எல்லாம் வெளிப்பக்கம் பார்க்கிறதா என்றும் ஒருமுறை சரிபாருங்கள். தூரத்தில் தெரியும் நூறு ஜன்னல்களுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை, எஞ்சினில் மெல்லிய சுவர் என்று ஒரு தேர்வு இருந்தால் அதுவே போதும். ஆனால் அருகில் தெரியும் கண்ணாடி மேசைக்கு விளிம்பில் 0.5 முதல் 1 மி.மீ. வரை ஒரு சின்ன ஃபில்லட் (விளிம்பை வளைத்து மழுக்குவது) கட்டாயம் போடுங்கள். அந்த இடத்தில் ஓடும் ஒரு வெள்ளைக் கீற்று, வேறு எந்த அமைப்பும் செய்யாத வேலையைச் செய்துவிடும்.

மெட்டீரியலில் முக்கியமான எண் ஒளிவிலகல் எண், அதாவது உள்ளே நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு. சாதாரண ஜன்னல் கண்ணாடிக்கு 1.52, அக்ரிலிக்குக்கு 1.49, பாலிகார்பனேட்டுக்குக் கிட்டத்தட்ட 1.58, தண்ணீருக்கு 1.33. நன்றாக மின்னட்டும் என்று 2-க்கு மேல் ஏற்றாதீர்கள், வைரமே 2.42-தான். பிரதிபலிப்பையும் கையால் ஏற்ற வேண்டாம்: நேராகப் பார்க்கும்போது ஒரு பரப்பில் சுமார் 4 சதவீத ஒளிதான் திரும்பும், சாய்வாகப் பார்க்கப் பார்க்க அது கூடிக்கொண்டே போகும், ஃபிரெனல் என்ற பெயரில் எஞ்சினே அதைக் கணக்கிட்டுவிடும். பனி படர்ந்தது போன்ற கண்ணாடி வேண்டும் என்றால் டிரான்ஸ்பரன்சியைக் குறைக்காமல் சொரசொரப்பை 0.2, 0.3 என்று ஏற்றிப் பாருங்கள். கண்ணாடியை ஒட்டி வைத்த கை தெளிவாகவும் தள்ளி நிற்கும் ஆள் மங்கலாகவும் தெரிந்தால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

நிறத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஒரு கண்ணாடிப் பலகையை நேராகப் பாருங்கள், நிறமே இருக்காது. அதையே விளிம்புப் பக்கமாகப் பாருங்கள், நல்ல பச்சை. கண்ணாடியில் கலந்திருக்கும் இரும்புதான் காரணம். நேராகப் பார்க்கையில் ஒளி 6 மி.மீ. கடந்தால் போதும், விளிம்பில் இருந்து பார்த்தால் பலகையின் உள்ளேயே வெகுதூரம் வந்தாக வேண்டும், வரும் வழியெல்லாம் சிவப்பை இழந்துகொண்டே வருகிறது. பரப்பு நிறத்தில் பச்சை கொடுத்தால் இது வராது, பலகை முழுக்கப் பச்சையாகிவிடும். உள் உறிஞ்சுதல் அமைப்பில் கொடுத்தால் விளிம்பு தானாகப் பச்சையாகும். அந்த வசதி இல்லாத மென்பொருளா, விளிம்பு முகங்களுக்கு மட்டும் தனியாகப் பச்சை மெட்டீரியல் பூசிவிடுங்கள், ஏமாற்று வேலைதான், யாருக்கும் தெரியாது.

டம்ளரில் தண்ணீர் காட்டுவது தனிக் கதை. முதல்முறை நான் தண்ணீரை டம்ளரின் உள்சுவருக்கு ஒரு மயிரிழை இடைவெளி விட்டுச் செய்தேன், ரெண்டரில் தண்ணீரைச் சுற்றிப் பாதரசம் பூசியது போல ஒரு வெள்ளி வளையம். நடுவில் மாட்டிக்கொண்ட காற்றுப் படலத்தின் வேலை அது. சரி, இரண்டையும் ஒட்டவே வைத்துவிடுவோம் என்று வைத்தால் இரண்டு பரப்பும் ஒரே இடத்தில் மோதிக் கறுப்புத் திட்டுகள். தண்ணீரைச் சற்றுப் பெரிதாக்கி, கண்ணாடிச் சுவருக்குள் கொஞ்சம் புகுந்திருக்கும்படி விட்டதும் இரண்டு தொல்லையும் போய்விட்டது.

வெறும் சாம்பல் பின்னணியில் எப்பேர்ப்பட்ட கண்ணாடியும் செத்துப்போய்த்தான் தெரியும், பிரதிபலிக்க அங்கே ஏதாவது இருக்க வேண்டும். ஒரு எச்டிஆர் படம் (சுற்றுப்புற வெளிச்சத்தையும் பதிவு செய்த படம்) போடுங்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் நீளமான வெள்ளை விளக்கு ஒன்றை வையுங்கள். வெளிச்சப் பின்னணியில் விளிம்புகள் கறுப்பாக விழும், இருண்ட பின்னணியில் வெள்ளையாக விழும், எது வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக இரண்டு தொல்லைகள். கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு கண்ணாடி கறுப்பாகத் தெரிந்தால் ஒளிக்கதிர் கடக்கும் பரப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் ஒன்றுக்கே 4 பரப்பு, அப்படி நான்கு ஜன்னல் வரிசையில் வந்தால் 16, பிளெண்டர் மென்பொருளின் சைக்கிள்ஸ் எஞ்சினில் முதலில் இருக்கும் வரம்பு 12-தான். இன்னொன்று, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டதும் அறை இருண்டுபோவது. பல எஞ்சின்கள் நிழல் கணக்கில் கண்ணாடியைச் சுவராகவே எடுத்துக்கொள்கின்றன, அதனால் அந்தக் கண்ணாடிக்கு மட்டும் நிழல் விழாதபடி அணைத்துவிடுங்கள். ஸ்கெட்ச்அப்பில் ஒபாசிட்டி (ஒளி புகாத் தன்மை) 70 சதவீதத்துக்குக் கீழே போனாலே நிழல் தானாக நின்றுவிடும்.