டிப்ஸ் கொடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பில்லின் கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும் பார்த்து, அதற்குப் பத்து சதவீதம் கணக்கிட்டு வைத்துவிட்டு எழுந்துவிடுவதுதான் நகரத்து உணவகங்களில் பெரும்பாலானோர் செய்யும் தவறு. அந்தத் தொகைக்குள் ‘சர்வீஸ் சார்ஜ்’ ஏற்கெனவே சேர்ந்திருக்கக்கூடும். ஒருவர் 1,000 ரூபாய்க்குச் சாப்பிட்டார் என்றால், பத்து சதவீத சேவைக் கட்டணம் 100 ரூபாய், இரண்டும் சேர்ந்த 1,100 ரூபாய்க்கு 5 சதவீத ஜிஎஸ்டி 55 ரூபாய் என்று பில் 1,155 ரூபாயாக வந்து நிற்கிறது. அதன் மேல் 115 ரூபாய் டிப்ஸ் வைப்பவர் ஒரே பரிமாறலுக்கு இரண்டு முறை கொடுத்தவராகிறார். ஜிஎஸ்டி அரசுக்குப் போகும் வரி என்பதால் அதில் பேசுவதற்கு ஒன்றுமில்லை. சேவைக் கட்டணத்தை விதிப்பது உணவக நிர்வாகம். அதில் எவ்வளவு பரிமாறியவரின் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பது பில்லைப் பார்த்தால் தெரியாது.

அச்சடித்த பில்லில் இருப்பதாலேயே அதைக் கொடுத்தாக வேண்டும் என்று எண்ணுவது அடுத்த தவறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கவோ, வேறு பெயர் சூட்டி வசூலிக்கவோ, தர மறுப்பவரை உள்ளே விடாமல் தடுக்கவோ கூடாது. உணவக உரிமையாளர் சங்கங்கள் இதை எதிர்த்துத் தொடர்ந்த வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2025 மார்ச் 28 அன்று தள்ளுபடி செய்தார். அத்தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடும் செய்யப்பட்டது. அந்த வழிகாட்டுதல்களைச் சுட்டிக்காட்டி, பணம் செலுத்துவதற்கு முன்பே சேவைக் கட்டணத்தை நீக்கித் தருமாறு மேலாளரிடம் கேட்கலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் அளிக்கலாம். பில்லைக் கொண்டுவந்து வைத்த சர்வரிடம் கோபப்படுவதில் பொருளில்லை. அந்தக் கட்டணத்தை முடிவு செய்தவர் அவரல்லர். கட்டணத்தை நீக்கவைத்த வெற்றிக் களிப்பில் அவருக்கு ஒரு ரூபாய்கூட வைக்காமல் கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள், அது சற்று அற்பமான கணக்கு.

கியூஆர் குறியீட்டில் பணம் செலுத்தும் பழக்கம் வந்த பிறகு, பில் 460 ரூபாய் என்றால் 500 ரூபாயாக அனுப்பிவிட்டு, மீதி சப்ளையருக்குத்தான் என்று நிம்மதியாக எழுந்துவிடுகிறோம். அந்த 40 ரூபாய் கடையின் வங்கிக் கணக்கில் விழுகிறது. முதலாளி கணக்குப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தால்தான் அது ஊழியருடைய பணம். பத்து, இருபது ரூபாய்த் தாள்களைச் சட்டைப்பையில் வைத்திருந்து நேரடியாகக் கொடுப்பதே நல்லது. சில உணவகங்களில் எல்லாரும் பகிர்ந்துகொள்ளப் பொதுப் பெட்டி ஒன்று இருக்கும். அங்கே அதில் போடுவதுதான் முறை, ஏனெனில் சமையலறையில் நிற்பவருக்கும், எச்சில் தட்டுகளை எடுத்து மேசை துடைப்பவருக்கும் வேறு வழியில் டிப்ஸ் கிடைப்பது அரிது. பெட்டி இல்லாத இடத்தில் மேசை துடைப்பவரையும் கவனித்துக் கொடுக்கலாம்.

எவ்வளவு என்பதற்குச் சட்டம் எதுவும் இல்லை. அமர்ந்து சாப்பிடும் உணவகத்தில் ஐந்து முதல் பத்து சதவீதம் போதும். டோக்கன் வாங்கி நாமே எடுத்துவந்து நின்றபடி சாப்பிடும் கடையில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. பல நாள் தங்கும் விடுதியில், அறையைக் காலி செய்யும் நாளன்று மொத்தமாகக் கொடுத்தால் அன்றைக்குப் பணியில் இருப்பவருக்கே முழுவதும் போய்விடும் என்பதால், அறையைச் சுத்தம் செய்பவரிடம் அன்றன்றைக்குக் கொடுத்துவிட வேண்டும்.

வண்டி விரைவாகக் கிடைக்கும் என்று சொல்லிப் பயணம் தொடங்குவதற்கு முன்பே டிப்ஸ் கேட்கும் வசதியை வாடகைக் கார், ஆட்டோ செயலிகள் கொண்டுவந்தன. இது தொடர்பாக 2025 மே மாதத்தில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஊபர் நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெறாத சேவைக்கு முன்கூட்டியே கூடுதலாகக் கொடுப்பதை டிப்ஸ் என்று கருத முடியாது, அது ஏலத்தொகை. ஓட்டுநருக்குக் கொடுக்க விரும்பினால் இறங்கும்போது கொடுக்கலாம்.

டிப்ஸ் என்று பெயர் வைத்துக் கேட்கப்படுவதையெல்லாம் டிப்ஸாக எண்ணிக் கொடுத்துப் பழகியதுதான் இருப்பதில் பெரிய தவறு. சமையல் எரிவாயு சிலிண்டரின் ரசீதுத் தொகையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கட்டணமும் அடங்கியிருக்கிறது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்று மாடி தூக்கி வந்தவருக்கு மனமுவந்து முப்பது ரூபாய் கொடுப்பது வேறு, ஒவ்வொரு முறையும் இவ்வளவு என்று வாசலில் நின்று கேட்பவருக்குக் கொடுப்பது வேறு; இரண்டாவதை ஏஜென்சியிடம் சொல்லலாம்.

அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தையை உறவினருக்குக் காட்டுவதற்கும், நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிச் செல்வதற்கும் பணியாளர் கேட்கும் பணம் லஞ்சமே. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி கொடுப்பதும் குற்றம். ஆனால் கட்டாயத்தின்பேரில் கொடுக்க நேர்ந்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால், லஞ்சம் கொடுத்த குற்றம் அவருக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் அந்தப் புகாரை ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தில் அளிக்கலாம்.