குகைக்குள் போகாத நாளில் என்ன செய்வது: ஆல்ப்ஸ் முகாமில் ஓய்வு நாளைக் கழிக்கும் முறை

ஆஸ்திரியாவில் ஆல்ட்டவுஸ்ஸே என்ற ஏரிக்கரை ஊருக்கு மேலே ஒரு மலைத்தொடர் இருக்கிறது. பெயர் டோட்டஸ் கெபிர்கே. ‘செத்த மலை’ என்று பொருள். மேலே பெய்கிற மழையெல்லாம் சுண்ணாம்புப் பாறை இடுக்கு வழியே இறங்கிவிடுவதால் மேட்டில் ஓடை, ஊற்று எதுவும் கண்ணில் படாது. அந்தத் தண்ணீர் அரித்த வழிகள்தான் அடியில் இருக்கும் குகைகள். நாட்டிலேயே நீளமான ஷோன்பெர்க் குகைத் தொகுதி இந்த மலைத்தொடரில்தான் இருக்கிறது. 150 கிலோமீட்டருக்கு மேல் அளந்திருக்கிறார்கள்.

இரண்டு கோடைகள் அங்கே முகாமில் இருந்தேன். முதல் வருடம் குகையில் பட்ட கஷ்டத்தில் பாதி, ஓய்வு நாளை வீணடித்ததால் வந்தது. அதனால்தான் இந்தப் பதிவு. எஸ்.ஆர்.டி. (ஒற்றைக் கயிற்றில் ஏறி இறங்கும் முறை) பழகியவர்களுக்கு எழுதுகிறேன், கயிறு ஏறுவது, முடிச்சுப் போடுவது எல்லாம் இதில் இல்லை.

படி 1: பலகையில் பெயரை அழியுங்கள்

குகைக்குள் போகும்போது ‘இத்தனை மணிக்குள் வரவில்லை என்றால் தேடுங்கள்’ என்று எழுதி வைத்திருப்பீர்கள். வெளியே வந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், அதை அழித்துவிட்டுத் தூங்குங்கள். மறந்தால் ஓய்வு நாள் காலையில் நண்பர்கள் 140-ஐ அழைத்துவிடுவார்கள். அது அங்கே மலை மீட்புப் படையின் எண். நீங்கள் கூடாரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பீர்கள்.

படி 2: அண்டர்சூட்டைக் காய வையுங்கள் (நான் சறுக்கிய இடம்)

இந்த மேட்டுக் குகைகளுக்குள் வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரிதான். உடம்போடு ஒட்டிய ஃபிளீஸ் அண்டர்சூட் ஒன்றுதான் காப்பாற்றும். அது ஈரமாக இருந்தால், கயிற்றடியில் உங்கள் முறைக்குக் காத்திருக்கும் இருபது நிமிடத்தில் பல் தந்தியடிக்கும்.

முதல் வருடம், முதல் ஓய்வு நாள். நல்ல வெயில். அண்டர்சூட்டைக் கூடாரத்துக்குப் பக்கத்துப் புதரில் அப்படியே வீசிவிட்டு லோசர் உச்சிக்குக் கிளம்பிவிட்டேன். ஆல்ப்ஸ் கோடையில் காலை வெயிலை நம்பலாம், மதியத்தை நம்பவே கூடாது. இரண்டு மணிக்கு மேகம் திரண்டது, மூன்று மணிக்கு இடி. திரும்பி வந்து பார்த்தால் உடுப்பு போகும்போது இருந்ததைவிடக் கனமாக இருந்தது. போதாததற்கு அந்தப் புதர் லாட்ஷென் என்கிற குட்டைப் பைன். அதன் பிசின் முதுகு முழுக்க அப்பி, ஊசி இலைகள் ஒட்டி, முள்ளம்பன்றித் தோல் மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்கினேன். இப்போது செய்வது இதுதான்:

எழுந்ததும், காபிக்கு முன்னால், உடுப்பை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். பழைய துண்டில் வைத்துப் பாய் மாதிரி சுருட்டி, மேலே ஏறி நில்லுங்கள். துண்டு குடிக்கிற தண்ணீரைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். பிறகு இரண்டு கம்புக்கு நடுவில் கட்டிய கொடியில் தொங்கவிடுங்கள். தண்ணீரெல்லாம் கால் முனையிலும் மணிக்கட்டிலும் போய்ச் சேரும். ஒரு மணி நேரம் கழித்து அந்த இடங்களைக் கையால் அழுத்தி வடித்துவிட்டு, தலைகீழாக மாற்றிப் போடுங்கள். இந்த இரண்டாவது மாற்றத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. காயும் நேரம் பாதியாகக் குறைகிறது.

கொடிக்கு மேலே ஒரு தார்ப்பாயை மடக்கிக் கட்டி வையுங்கள். முதல் தூறலில் இழுத்து விரிக்க ஒருவர் முகாமில் இருந்தே ஆக வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு மேலே போடும் பி.வி.சி. ஓவர்சூட்டை வெறுமனே துடைத்து நிழலில் போட்டால் போதும். ஹார்னெஸ் (இடுப்பில் கட்டும் வார்), கயிறு இரண்டையும் வெயிலில் காய வைக்காதீர்கள். புற ஊதாக் கதிர் நைலானைத் தின்னும். சேறு கழுவ மேட்டில் தண்ணீர் கிடையாது, அங்கே குடிப்பதே தார்ப்பாயில் பிடித்த மழைநீர். கீழே தங்குமிடத்தில் கேட்டுக்கொண்டு குழாயடியில் கழுவுங்கள், ஏரியில் வேண்டாம்.

படி 3: கருவிகள், பத்து நிமிடம்

குரோலின் (கயிறு ஏறும்போது மார்பில் மாட்டும் பிடி) பற்களில் சேறு இறுகியிருந்தால் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். கௌஸ்டெயில் (ஹார்னெஸிலிருந்து தொங்கும் பாதுகாப்புக் கயிறு) முடிச்சைக் கையால் வளைத்துப் பாருங்கள். மரக்கட்டை மாதிரி இருந்தால் அவிழ்த்துப் புதிதாகப் போடுங்கள். டிசெண்டரின் (கயிற்றில் இறங்க உதவும் கருவி) உருளையில் கயிறு அறுத்த பள்ளம் ஆழமாகிவிட்டதா என்றும் பாருங்கள். சேற்றுக் கயிறு அலுமினியத்தை அரம் மாதிரி ராவும். புதியவர்களை, கைப்பிடியை விட்டால் தானே நிற்கும் ஸ்டாப் என்கிற டிசெண்டரை வாங்கச் சொல்வார்கள். என் ஓட்டு சிம்பிள் என்கிற எளிய டிசெண்டருக்கு: எடை குறைவு, கைப்பிடி கிடையாது, கையைக் கயிற்றில் வைத்தே ஆக வேண்டும் என்ற ஒழுக்கம் வரும். இதற்காக என்னோடு சண்டை போடுபவர்கள் நிறைய.

படி 4: அளவுகளைக் கணினியில் ஏற்றுங்கள்

குகையை அளக்காமல் வந்தால் போனதற்குக் கணக்கே இல்லை. மறுநாளே ஏற்றாவிட்டால் சேறு படிந்த நோட்டில் நீங்கள் எழுதியதை நீங்களே படிக்க முடியாது. குகை அளவுகளைக் கணக்கிடும் சர்வெக்ஸ் மென்பொருளில், ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி வரையான அளவு இப்படி இருக்கும்:

4 5 7.32 127 -18

நாலாம் புள்ளியிலிருந்து ஐந்தாம் புள்ளிக்கு 7.32 மீட்டர், திசை 127 டிகிரி, கீழ்நோக்கி 18 டிகிரி. அவ்வளவுதான். நான் ஒருமுறை 127-ஐ 121 என்று படித்து ஏற்றிவிட்டேன். ஏழுக்குக் குறுக்குக்கோடு போடாத பழக்கம். வழி சுற்றி வந்து பழைய இடத்தில் முட்டும் சுற்று ஒன்று இருந்ததால், பிழை அதிகம் என்று மென்பொருள் காட்டிக்கொடுத்தது. முட்டுச்சந்து வழியாக இருந்திருந்தால் அது கண்டுபிடித்திருக்காது. அதனால் ஒருவர் வாசிக்க, ஒருவர் தட்டச்சுச் செய்ய, முடிந்ததும் தட்டியவர் திருப்பி வாசிக்க வேண்டும்.

டிஸ்டோஎக்ஸ் (தூரம், திசை, சாய்வு மூன்றையும் அளக்கும் லேசர் கருவி) வைத்திருந்தால் அளவுத்திருத்தத்துக்கும் இதுதான் நாள். 14 திசை, திசைக்கு நாலு தடவை கருவியை உருட்டி, மொத்தம் 56 குறி. கார் நிறுத்துமிடத்தில் செய்யாதீர்கள். நான் செய்தேன், காரில் வசதியாகச் சாய்ந்துகொண்டு. சராசரிப் பிழை அரை டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. கருவி பழுது என்று நினைத்து இன்னொரு 56-ம் எடுத்தேன். பக்கத்தில் ஒரு டன் இரும்பு நிற்பதைச் சொன்னது, நாயோடு நடந்துபோன ஒரு பெரியவர்.

படி 5: இப்போதுதான் ஊர் சுற்றல்

இதற்குள் மதியம் நெருங்கியிருக்கும், மேகமும் வரும். எனவே மழையிலும் கெடாத இடம் வேண்டும். எங்கள் தேர்வு ஆல்ட்டவுஸ்ஸே உப்புச் சுரங்கம். ஓய்வு நாளில் மறுபடி பூமிக்கடியிலா என்று சிரிக்காதீர்கள். உள்ளே ஏழெட்டு டிகிரி, அதுவே எங்களுக்குக் கதகதப்பு. தவிர, யாரோ விளக்குப் போட்டு, படிக்கட்டு வைத்து, சறுக்குமரமும் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் ஐரோப்பா முழுக்கக் கொள்ளையடித்த கலைப்பொருட்களைப் பதுக்கிய இடம் இது. கென்ட் பலிபீட ஓவியம், மைக்கலாஞ்சலோவின் புரூஜ் மாதா சிலை எல்லாம் இங்கே இருந்தன. 1945 ஏப்ரலில் மாவட்டத் தலைவர் ஐக்ரூபரின் உத்தரவில் எட்டுப் பெட்டிகள் உள்ளே வந்தன. மேலே ‘கவனம், பளிங்கு, கீழே போடாதீர்கள்’ என்று எழுதியிருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் 500 கிலோ வெடிகுண்டு. மே மாதத் தொடக்கத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் அவற்றை இரவோடு இரவாக வெளியேற்றினார்கள். அவர்கள் பிழைப்பே அந்தச் சுரங்கம்தானே!

வானம் தெளிவாக இருந்தால் ஏரியைச் சுற்றி நடக்கலாம்; இரண்டு மணி நேரம், சமதளம். குளிக்கலாம்தான், ஆனால் வெடித்த விரல்களோடு இறங்கினால் எரியும். முந்தின இரவே கைக்குக் கிரீம் தடவித் தூங்குங்கள். ஹால்ஸ்டாட்டுக்கு பாட் அவுஸ்ஸேயிலிருந்து ரயில் உண்டு. இறங்கிப் படகில் ஏரியைக் கடக்க வேண்டும். அழகுதான், கூட்டம் எனக்கு ஒத்துவரவில்லை. சாப்பிட கைசர்ஷ்மார்ன்: பிய்த்துப் போட்ட இனிப்புத் தோசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டை இருவர் பகிரச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

கடை விஷயம்

நம்மூரில் ஞாயிற்றுக்கிழமைதான் கடைத்தெரு களைகட்டும். ஆஸ்திரியாவில் ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட் பூட்டு. ஆகஸ்ட் 15-ம் அப்படியே. நமக்கு அது சுதந்திர தினம், அங்கே மாதா விண்ணேற்புத் திருநாள், பொது விடுமுறை. அது சனிக்கிழமையோ திங்கட்கிழமையோ வந்தால் இரண்டு நாள் தொடர்ந்து ரொட்டி இல்லை. முகாம் தொடங்கும் முன்பே காலண்டரில் சிவப்பு மையால் குறியுங்கள்.

பின்சேர்க்கை

ஈர அண்டர்சூட்டைப் போட்டுக்கொண்டே தூக்கப்பைக்குள் படுத்தால் உடம்புச் சூட்டில் காயாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். காயும். அந்த ஈரம் தூக்கப்பையின் இறகுக்குள் போய் உட்காரும். அப்புறம் இரண்டு நனைந்த சாமான். செயற்கை இழைப் பை என்றால் ஓரளவு தாங்கும்.

லோசரில் வியா ஃபெராட்டா ஏறலாமா என்பது இன்னொரு கேள்வி. அங்கே இரும்புக் கயிற்றுப் பாதைகளை ஏ முதல் ஈ வரை தரம் பிரித்திருக்கிறார்கள். நேற்று முழுக்கக் கயிறு ஏறிய தோள்களோடு சி, டி பக்கம் போகாதீர்கள். இடி வரும்போது இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம் அது.

இன்னொன்று, நானும் இரண்டாம் வருடம்தான் கற்றேன்: காய்ந்த உடுப்பைச் சாயங்காலம் ஆறு மணிக்குள் கொடியிலிருந்து எடுத்து உறையில் கட்டிவிடுங்கள். பனி இறங்கினால் காலையில் மறுபடி துண்டில் சுருட்ட வேண்டியதுதான்.