தட்டில் வளரும் நரம்புகளும் வலியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத் தட்டில் வளரும் நரம்பு செல்லுக்கு வலிக்காது. இதை மறந்துவிட்டுப் பேசுவதுதான் முதல் தவறு. சூடு பட்டால் அது மின் துடிப்புகளை அனுப்பும், அவ்வளவே. வலியாக உணர்வதற்கு மூளை வேண்டும். உணர்வு நரம்புகளின் செயல்பாட்டை மட்டும் வைத்து வலி உண்டென்று முடிவுகட்ட முடியாது என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கமும் 2020-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'தட்டிலேயே வலியைக் குறைத்தார்கள்' என்று செய்தி வந்தால், துடிப்புகள் குறைந்தன என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக இந்தச் செல்களை லேசாக எண்ணிவிடவும் கூடாது. பரம்பரை எரித்ரோமெலால்ஜியா என்றொரு நோய் இருக்கிறது. சற்று வெதுவெதுப்பான அறையில் இருந்தாலே பாதங்கள் சிவந்து, தாங்க முடியாமல் எரியும். மரபணுக் கோளாறால் நேவ் 1.7 என்ற சோடியம் சேனல் (நரம்பு செல்லுக்குள் சோடியத்தை விட்டு, துடிப்பைத் தொடங்கிவைக்கும் நுண்ணிய வாசல்) எளிதில் திறந்துகொள்வதே காரணம். 2016-ல் வெளியான ஆய்வொன்றில், இந்த நோயாளிகளின் செல்களை ஸ்டெம் செல்லாக்கி (அதாவது, எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடிய நிலைக்குத் திருப்பி), அவற்றிலிருந்து உணர்வு நரம்புகளை வளர்த்தார்கள். அந்த நரம்புகளும் சூட்டுக்கு மிகையாகத் துடித்தன. நேவ் 1.7-ஐ அடைக்கும் மருந்து கொடுத்ததும் அடங்கின. அதே மருந்து நோயாளிகளில் பெரும்பாலோரின் வலியையும் தணித்தது. தட்டில் கண்டது மனிதரிடமும் பலித்த அருமையான தருணம் அது!

ஆனால் அதை எல்லா நரம்பு வலிக்கும் நீட்டிப் பார்ப்பது தவறு. அந்த நோய்க்கு வேரே நேவ் 1.7 தான். சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலி போன்றவற்றில் இதே சேனலை அடைக்கும் மருந்துகள் பெரும்பாலும் ஏமாற்றமே தந்தன.

ஆய்வகத்திலும் சறுக்கல்கள் உண்டு. அறுபது வயதுக்காரரின் செல்லிலிருந்து வளர்த்தாலும், கிடைப்பது கருப்பருவத்தை ஒத்த இளம் நரம்புதான்; ஸ்டெம் செல்லாக மாற்றும்போதே முதுமையின் தடயங்கள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. நோயாளியின் செல்லை வேறொருவரின் செல்லோடு ஒப்பிடுவதும் குழப்பத்தில் முடியும். கிரிஸ்பர் என்ற மரபணு திருத்தும் கருவியைக் கொண்டு அதே நோயாளியின் செல்லில் கோளாறைத் திருத்தி, இரண்டையும் ஒப்பிடுவதே நேர்மையான வழி.

எனக்கு அதிகம் கவலை தருவது சிகிச்சை விஷயம். துடிப்பை அடக்கும் நரம்பு செல்களைத் தண்டுவடத்தில் வைத்து எலிகளில் வலியைக் குறைத்திருக்கிறார்கள். மனிதருக்கு அது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. கிளினிக்குகளில் விற்கும் 'ஸ்டெம் செல் ஊசி' பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுத்த செல்கள். இந்த நரம்புகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வலிக்கு ஸ்டெம் செல்லைப் பயன்படுத்துவதென்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலின்படி மருத்துவப் பரிசோதனையாக மட்டுமே செய்யலாம். யாராவது வற்புறுத்தினால், மருத்துவப் பரிசோதனைகளைப் பதிவுசெய்யும் இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐ-யின் பதிவு எண்ணைக் கேளுங்கள். தர மறுத்தால் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.