விரல் மடங்காத காலையும் இடுப்பளவு நூலும்

கொழுந்து எடுக்கிற கை எனக்கு. ஒரு காலத்தில் விடியப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க, கிளம்பும்போது விரல் பாதிதான் மடங்கும். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்திக் குடிப்பேன். மருந்துக்குப் போன இடத்தில், "உடம்பைக் குறைங்க, சரியாகிடும்" என்று வலி மாத்திரை தந்து அனுப்பினார்கள். அப்படியே ஒரு வருஷம் போனது. மூட்டுகளை வீங்கவைக்கும் முடக்குவாதம் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த ஒரு வருஷத்தை நீங்கள் இழக்காதீர்கள்.

எழுந்ததும் மணி பாருங்கள். கையை முழுசாகப் பொத்த எவ்வளவு நேரம் ஆகிறது என்று தினமும் எழுதுங்கள். நுவரெலியாக் குளிரில் எல்லார் கையும் விறைக்கும், அடுப்படியில் கொஞ்ச நேரம் இருந்தால் விட்டுவிடும். அரை மணி, ஒரு மணி நேரமாகியும் விடாமல், இரண்டு கை விரல் மூட்டும் வீங்கினால், எடை எவ்வளவாக இருந்தாலும் வாதத்துக்கான இரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு பெண்களுக்கு வருகிற நோய் இது.

எடைக்கும் இதற்கும் தொடர்பு உண்டுதான். கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. வீக்கத்தைத் தூண்டும் பொருட்களை அதுவே சுரக்கிறது. எரிகிற மூட்டுக்கு அது விறகு. எடை கூடினவர்களுக்கு மருந்தால் நோய் முழுசாக அடங்குவதும் குறைவு. இன்னொன்று: பருத்த பெண்களுக்கு வாதம் அடங்கியிருந்தாலும், உடம்பில் வீக்கம் இருப்பதைக் காட்டும் சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனை அளவு கூடிக் காட்டலாம். அதனால் கிளினிக்கில் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டாதீர்கள், கையையும் நீட்டுங்கள். டாக்டர் மூட்டை அமுக்கிப் பார்க்கட்டும்.

தராசு இல்லையா? ஒரு நூலில் 80 சென்டிமீட்டர் அளந்து முடிச்சுப் போடுங்கள். மூச்சை விட்டபின், தொப்புளுக்குச் சற்று மேலே சுற்றுங்கள். நூல் எட்டவில்லை என்றால் குறைக்க வேண்டும். நம் பக்கத்துப் பெண்களுக்கு அதுதான் எல்லை.

பட்டினி மட்டும் வேண்டாம், சதை கரைந்து மூட்டு இன்னும் தளரும். நான் முதலில் கை வைத்தது சீனியில். நாளுக்கு ஆறு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி. பன்னிரண்டு கரண்டி! அப்புறம் மூன்று கோதுமை ரொட்டியை ஒன்றாக்கி, பருப்பும் கீரையும் கூட்டினேன். வீக்கம் அடங்கிய நாளில் ஏற்றத்தை விட்டுச் சமதளப் பாதையில் நடக்கிறேன். வீங்கிய நாளில் உட்கார்ந்தபடி கைகாலை மெதுவாக மடக்கி நீட்டுவதோடு சரி.

வீக்கத்தை அடக்கத் தருகிற பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை குடிப்பவர்களுக்குப் பசி கூடும், எடையும் ஏறும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து. டாக்டரிடம் சொன்னால் படிப்படியாகக் குறைப்பார். என் நூல் இன்னும் இரண்டு விரல் எட்டவில்லை. கோப்பையை இப்போது ஒரு கையால் பிடிக்கிறேன்.