மருத்துவ மெஷினோடு பயணம்: பெரிய பேட்டரி ஒன்றா, சின்னது இரண்டா?

ரங்கூனில் கரண்டு இல்லாத ராத்திரி ஒன்றும் புதிதல்ல. வீட்டில் இருந்தால் இன்வெர்ட்டரை வைத்துச் சமாளித்துவிடலாம். தூக்கத்தில் மூச்சு அடைக்கிறவர்களுக்கான சீபேப் மெஷினைத் தூக்கிக்கொண்டு மாந்தளேக்கோ சென்னைக்கோ கிளம்பும்போதுதான் எந்த பேட்டரியை வாங்குவது என்ற குழப்பம் வருகிறது. எங்கள் அப்பாவுக்கு சீபேப். நான் எலக்ட்ரிக் சாமான் கடையில் நிற்கிறவன். அதனால் கேட்கிற எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வேன்: விமானம் ஏறப் போகிறீர்கள் என்றால் 100 வாட்-ஹவருக்குள் (பேட்டரி தேக்கி வைக்கும் மின்சக்தியின் அளவு அது) இரண்டு பேட்டரி வாங்குங்கள், பெரியதாக ஒன்று வேண்டாம்.

காரணம் விமான விதி. தனியாக எடுத்துப் போகும் லித்தியம் பேட்டரி 100 வாட்-ஹவர் வரை இருந்தால் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100-லிருந்து 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், அதுவும் ஆளுக்கு இரண்டுதான். 160-ஐத் தாண்டினால் பயணிகள் விமானத்தில் இடமே இல்லை. கைப்பிடி வைத்த பெரிய பவர் ஸ்டேஷன் பெட்டிகளெல்லாம் இதில் அடிபட்டுப் போகும். அவை காருக்கும் வீட்டுக்கும்தான் சரி.

ஆனால் கடையில் யாரும் வாட்-ஹவர் சொல்ல மாட்டார்கள். “அண்ணே, ஐம்பதாயிரம் மில்லி ஆம்பியர், மூணு நாள் தாங்கும்” என்பார்கள். மில்லி ஆம்பியர்-ஹவரை 1000-ஆல் வகுத்து, லித்தியம் செல்லின் வோல்ட்டான 3.7-ஆல் பெருக்குங்கள். 20,000 என்றால் 74 வாட்-ஹவர். 27,000 என்றால் ஏறக்குறைய 100. ஐம்பதாயிரம் உண்மையாக இருந்தால் 185 வருகிறது, விமானத்தில் ஏற்றவே முடியாது. பொய்யாக இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு மெஷின் நின்றுவிடும். பொய்யைக் கண்டுபிடிக்கக் கையில் தூக்கிப் பார்த்தாலே போதும். உள்ளே இருக்கும் உருளை செல் ஒன்று 3,000 மில்லி ஆம்பியர்-ஹவர் என்றால் 45 கிராமுக்குக் குறையாது. ஐம்பதாயிரத்துக்கு 17 செல் வேண்டும், அப்படியானால் செல் மட்டுமே முக்கால் கிலோவுக்கு மேல், நம் ஊர்க் கணக்கில் அரை வீசைக்குப் பக்கம். டப்பா சோப்புக்கட்டி கனத்தில் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வாட்-ஹவர் அளவு பேட்டரி மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். விமான நிலையத்தில் அதைத்தான் தேடுவார்கள், எழுத்து அழிந்திருந்தால் பிடுங்கி வைத்துக்கொள்ளவும் செய்வார்கள்.

அடுத்தது மெஷின் எவ்வளவு தின்கிறது என்பது. சீபேப்பில் காற்றுத் தள்ளும் மோட்டார் பெரிய செலவாளி இல்லை. தண்ணீரைச் சூடாக்கும் ஹியூமிடிஃபயரும் சூடேற்றும் குழாயும்தான் பேட்டரியைக் காலி செய்கின்றன. அவை இரண்டையும் நிறுத்திவிட்டால், நடுத்தர அழுத்தத்தில் ஒரு ராத்திரிக்கு 60, 70 வாட்-ஹவரில் முடித்துவிடலாம். போட்டுவிட்டால் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு ஓடும். மூக்கு வறண்டு போகும் என்று அப்பா முதலில் முறைத்தார். டாக்டரிடம் கேட்டுவிட்டு, படுக்கும் முன் மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு விட்டதும் சரியாகிவிட்டது. சிலருக்கு ஹியூமிடிஃபயர் கட்டாயம் தேவைப்படலாம், அவர்கள் கணக்கை அதற்கேற்பப் போட வேண்டும்.

வோல்ட்டையும் பாருங்கள். சீபேப் மாடல்களில் ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 கேட்பது 24 வோல்ட், பிலிப்ஸ் ட்ரீம்ஸ்டேஷன் கேட்பது 12. அந்த வோல்ட்டை நேராகக் கொடுக்கும் பேட்டரியும் அதற்குரிய கேபிளும் வாங்குங்கள். பேட்டரியை 230 வோல்ட்டாக்கி, அதை மறுபடி அடாப்டர் வழியாக 24 ஆக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. வழியிலேயே நல்ல பங்கு சூடாக வீணாகும்.

வாங்கியதும் வீட்டில் ஒரு ராத்திரி முழுக்க ஓட்டிப் பாருங்கள். காலையில் மிச்சம் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கை நான் நம்புவதில்லை.

இரண்டு சின்ன பேட்டரியின் உண்மையான லாபம் இங்கேதான். கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. “மீ லாபி!” (கரண்டு வந்துவிட்டது) என்று தெரு முழுக்கச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் இரண்டையும் தனித்தனி சார்ஜரில் சொருகலாம், ஒரே பெரிய பேட்டரி நிறையும் நேரத்தில் பாதிதான் ஆகும். ஒன்று கெட்டாலும் அன்றைய ராத்திரி தப்பிக்கும். தங்குமிடத்துக்கு ஒரு மல்டி பிளக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். பர்மாவில் அறைக்கு அறை பிளக் துளை வேறு மாதிரி இருக்கும்.

மாந்தளே ராத்திரி பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பஸ்ஸிலும் லாரியிலும் பெரும்பாலும் 24 வோல்ட், காரில் 12. காருக்கென்று வாங்கிய வயரை டிரைவர் பக்கத்து சாக்கெட்டில் சொருகி மெஷினைப் புகைய விடாதீர்கள். இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் யூ.எஸ்.பி. துளை போனுக்குத்தான் காணும். வழியில் 115-வது மைல் நிறுத்தத்தில் சாப்பிட இறங்கும்போது பேட்டரிப் பையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். பகல் பயணமானால் காரின் கண்ணாடிக்கு அடியில் வைக்கவே கூடாது. மாந்தளேயில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும், மூடிய காருக்குள் இன்னும் மோசம்.

விமானத்துக்கு: பேட்டரி கைப்பையில் மட்டும், பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்பக் கூடாது. முனைகளுக்கு டேப் ஒட்டுங்கள், ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போடுங்கள். தண்ணீர்த் தொட்டியை முந்தின நாளே காலி செய்து காய வையுங்கள். ஜனவரி 2025-ல் தென் கொரியாவில் ஏர் பூசான் விமானம் ஒன்று தரையில் நின்றபடியே எரிந்தது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அதே ஆண்டில் தாய் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தத் தடை போட்டன. பாங்காக், சிங்கப்பூர் வழியாகச் சென்னை போகிறவர்கள், பறக்கும்போது மெஷினை ஓட்ட வேண்டுமானால், டிக்கெட் எடுக்கும்போதே எழுதிக் கேட்டுப் பதிலை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே டாக்டர் கடிதம், ஆங்கிலத்தில்.

காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கான்சன்ட்ரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. வீட்டில் வைக்கும் 5 லிட்டர் மெஷின் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். நான் சொன்ன பேட்டரி ஒன்றில் இருபது நிமிடம் ஓடினால் அதிகம். அவர்களுக்குக் கையில் தூக்கும் வகைதான் வழி. அதற்கும் பயண நேரத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஓடும் அளவுக்கு பேட்டரி வேண்டும் என்று பல விமான நிறுவனங்கள் கேட்கின்றன. அந்த ஒன்றரை மடங்கில் இடைநிறுத்த விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.