துனிஸ் நகரின் பார்டோ அருங்காட்சியகமும் பழைய மதீனாவும்: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

துனிசியாவின் தலைநகரான துனிஸுக்குச் செல்பவர்களில் பலர் முதலில் மதீனா என்னும் பழைய நகருக்குள் நுழைந்துவிட்டு, நேரம் மிஞ்சினால் பார்டோ தேசிய அருங்காட்சியகத்தை எட்டிப் பார்க்கிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். மதீனாவின் தெருமுனைகளிலும் பள்ளிவாசல் முற்றங்களிலும் நிற்கும் தூண்களில் பல, கார்த்தேஜ் போன்ற பழைய நகரங்களின் இடிபாடுகளிலிருந்து எடுத்து வரப்பட்டவை. அந்த நகரங்களில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அருங்காட்சியகத்தில் பார்த்த பிறகு மதீனாவில் நடந்தால், ஒரு கடை வாசலில் நிற்கும் ரோமானியத் தூண் உங்கள் கண்ணுக்குத் தப்பாது. விசா, விமானம், தங்குமிடம் ஆகியவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள் என்ற எண்ணத்தில் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: நாள் குறிப்பது

அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மதீனாவின் கடைத்தெருக்களில் பெரும்பகுதி ஞாயிற்றுக்கிழமை மூடிக் கிடக்கும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்திலும் பல கடைகள் அடைக்கப்படும். எனவே செவ்வாய் முதல் வியாழன் வரையிலான நாள்களில் அடுத்தடுத்த இரண்டு காலைகளை ஒதுக்குங்கள்: முதல் காலை பார்டோவுக்கு, மறுநாள் காலை மதீனாவுக்கு. இரண்டையும் ஒரே நாளில் முடிக்க முயன்றால், மாலையில் மதீனாவைச் சென்றடையும்போது கடைகளின் கதவுகள் சாத்தப்பட்டுக்கொண்டிருக்கும். ரமலான் மாதத்தில் நேரங்கள் மாறும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் பழைய பயணக் குறிப்புகள் சில, அருங்காட்சியகம் மூடப்பட்டிருப்பதாக இன்றும் சொல்கின்றன. நாடாளுமன்றமும் அதே வளாகத்தில் இருப்பதால், 2021 ஜூலையில் நாடாளுமன்றம் முடக்கப்பட்டபோது அருங்காட்சியகமும் மூடப்பட்டது. 2023 செப்டம்பரில் அது மீண்டும் திறக்கப்பட்டது. அந்தக் குறிப்புகளை நம்பிப் பயணத்தைக் கைவிட வேண்டாம்.

படி 2: பணத்தை வாசிக்கப் பழகுவது

எளிதாகத் தோன்றும் இந்தப் படியில்தான் நம்மவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஒரு துனிசிய தினார் என்பது நூறு காசுகள் அல்ல, ஆயிரம் மில்லிம். ஆகவே விலைப்பட்டியலில் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கங்கள் வரும். பிரெஞ்சு வழக்கப்படி அந்தப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடுவார்கள். "4,500" என்று எழுதியிருந்தால் அதன் பொருள் நான்கரை தினார். ஆயிரங்களைக் காற்புள்ளியால் பிரித்தே பழகிய நம் கண் அதை நாலாயிரத்து ஐந்நூறு என்று படித்து அதிர்ச்சி அடைகிறது. பேச்சிலும் இந்தச் சிக்கல் உண்டு. கடைக்காரர் சில சமயம் மில்லிம் கணக்கிலேயே "ஆயிரத்து ஐந்நூறு" என்பார். அவர் கேட்பது ஒன்றரை தினார். டாக்ஸி மீட்டரிலும் இதே கணக்குதான். தொகையைக் கேட்டவுடன் கடைசி மூன்று இலக்கங்களை மனத்துக்குள் ஒதுக்கிவிட்டு, மீதமுள்ளதை தினாராக எடுத்துக்கொள்ளுங்கள். அரை நாளில் பழகிவிடும்.

தினாரை நாட்டுக்கு வெளியே வாங்கிவரவும் இயலாது, வெளியே கொண்டுசெல்லவும் சட்டம் இடம் தராது. விமான நிலையத்தில் சிறு தொகையை மட்டும் மாற்றி, ரசீதை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பார்டோவுக்குச் செல்வது

நகர மையத்திலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் அருங்காட்சியகம் இருக்கிறது. "மெட்ரோ" என்று அழைக்கப்படும் டிராம் வண்டியின் 4ஆம் தடத்தில் ஏறி, பார்டோ நிறுத்தத்தில் இறங்கலாம். காலை நெரிசலைக் கருதி, மஞ்சள் நிற டாக்ஸியையே நான் பரிந்துரைப்பேன். ஏறியதும் மீட்டர் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நுழைவாயிலில் பாதுகாப்புச் சோதனை உண்டு. 2015 மார்ச் 18 அன்று இந்த அருங்காட்சியகத்தின் மீது நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலவே பார்க்க வந்த பயணிகள். அந்தச் சோதனையைப் பொறுமையோடு ஏற்றுக்கொள்வது நம் கடமை.

படி 4: அருங்காட்சியகத்துக்குள்

'பே' என்ற பட்டம் தாங்கிய துனிஸ் ஆட்சியாளர்களின் அரண்மனையில் 1888இல் தொடங்கப்பட்ட இந்த அருங்காட்சியகம், ரோமானிய மொசைக் (வண்ணச் சில்லுகளைப் பதித்து உருவாக்கும் ஓவியம்) சேகரிப்பில் உலகின் தலையாயவற்றுள் ஒன்று. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தால், ஒரு மணி நேரத்தில் கண் சோர்ந்துபோகும். சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து நிதானமாகப் பாருங்கள்.

கையில் ஒரு சிறிய இருகண் தொலைநோக்கி இருக்கட்டும். தரையில் பதிக்கப்பட்டிருந்த மொசைக்குகள் பல இங்கே உயர்ந்த சுவர்களில் பொருத்தப்பட்டுள்ளன. மேல்வரிசைச் சில்லுகளின் நிற வேறுபாட்டைக் கைபேசிக் கேமராவின் ஜூம் சரியாகக் காட்டுவதில்லை. ஒவ்வொன்றையும் முதலில் தள்ளி நின்று முழுமையாகப் பார்த்துவிட்டு, பிறகு நெருங்குங்கள். தொலைவிலிருந்து ஒரே நிறமாகத் தெரிந்த கன்னம், அருகில் சென்றதும் வெளிர்சிவப்பு, மஞ்சள், பழுப்பு, சாம்பல் எனத் தனித்தனிச் சில்லுகளாகப் பிரியும்.

தவறவிடக் கூடாதவற்றில் முதலாவது, சூஸ் நகரில் 1896இல் கிடைத்த, ரோமானியக் கவிஞர் வர்ஜிலைக் காட்டும் மொசைக். வெள்ளை அங்கி அணிந்த கவிஞர் நடுவில் அமர்ந்திருக்கிறார். இருபுறமும் வரலாற்றுக்கும் துன்பியல் நாடகத்துக்கும் உரிய கலைத்தேவியர் நிற்கிறார்கள். அவர் மடியில் விரிந்திருக்கும் சுருளை உற்றுப் பாருங்கள்: அவர் இயற்றிய ஈனியட் காப்பியத்தின் தொடக்கத்தில் கலைத்தேவியை விளித்துக் காரணங்களைக் கூறுமாறு வேண்டும் வரி அதில் எழுதப்பட்டிருக்கிறது. கார்த்தேஜின் அரசி டைடோவைப் பாடிய கவிஞரை, அந்தக் கார்த்தேஜ் இருந்த மண்ணின் ஒரு வீட்டுக்காரர் தம் தரையில் பதித்துக்கொண்டார் என்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

அடுத்தது, துக்கா நகரிலிருந்து வந்த, கிரேக்கக் காப்பிய நாயகன் யுலிசிஸின் மொசைக். கப்பலின் பாய்மரத்தோடு கட்டப்பட்ட யுலிசிஸ், பாட்டால் மாலுமிகளை மயக்கி அழிக்கும், பறவைக் கால்கள் கொண்ட பாடகியரின் பக்கம் பார்வையைத் திருப்பியிருக்க, அவருடைய தோழர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவதாக, கார்த்தேஜில் கிடைத்த யூலியஸ் பிரபு மொசைக்: கோபுரங்களோடு கூடிய பண்ணை வீடு நடுவில் இருக்க, அதைச் சுற்றிப் பருவங்களுக்கேற்ற வேலைகளும் காணிக்கையோடு வரும் குடியானவர்களும் காட்டப்பட்டுள்ளனர். வட ஆப்பிரிக்காவின் தானியமும் ஒலிவமும் யாருடைய உழைப்பால் விளைந்தன, யாருடைய வாசலுக்குப் போய்ச் சேர்ந்தன என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் வேறொரு படைப்பை நான் அறியேன்.

மொசைக்குகளில் மூழ்கி, மஹ்தியா கப்பல் பொருள்களை விட்டுவிடாதீர்கள். கி.மு. முதல் நூற்றாண்டில் கிரேக்கக் கலைப்பொருள்களோடு மூழ்கிய இந்தக் கப்பலை, 1907இல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர்கள் கண்டுபிடித்தார்கள். பளிங்குச் சிற்பங்களைச் சுற்றி வந்து பாருங்கள்: சேற்றில் புதைந்திருந்த பக்கம் வழவழப்பாக இருக்கும், நீருக்கு வெளிப்பட்டிருந்த பக்கத்தைக் கடல் உயிர்கள் துளைத்துத் துளைத்து அரித்திருக்கும்.

படி 5: மதீனாவில் வழி அறிவது

1979 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் இந்தப் பழைய நகரில் ஏறக்குறைய 700 வரலாற்றுக் கட்டடங்கள் உள்ளன. பெரும்பாலோர் கிழக்கே உள்ள பாப் எல் பஹ்ர் வாயில் வழியாக நுழைந்து, நினைவுப்பொருள் கடைகளின் நெரிசலில் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் டாக்ஸியில் மேற்கே, பழைய கோட்டைப் பகுதியான கஸ்பாவின் சதுக்கத்துக்குச் சென்று, அங்கிருந்து நடக்கத் தொடங்குங்கள். கஸ்பா மேட்டில் இருக்கிறது. பாப் எல் பஹ்ர் தாழ்வில் இருக்கிறது. ஸைத்தூனா பெரிய பள்ளிவாசல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வழி தவறினால் இறக்கத்தை நோக்கி நடங்கள். கிழக்கு வாயிலின் பக்கம் வந்து சேர்வீர்கள்.

இரண்டாவது அடையாளம் மினாராக்கள். சதுர வடிவ மினாரா என்றால் மாலிகி என்னும் உள்ளூர் இஸ்லாமியச் சட்ட மரபைச் சேர்ந்த பள்ளிவாசல். எண்கோண வடிவம் என்றால் துருக்கிய உதுமானியர் கொண்டுவந்த ஹனஃபி சட்ட மரபு. 1655ஆம் ஆண்டின் ஹம்மூதா பாஷா பள்ளிவாசலின் எண்கோண மினாராவையும் ஸைத்தூனாவின் சதுர மினாராவையும் அடையாளம் கண்டுகொண்டால், இடையில் உள்ள பகுதி பிடிபட்டுவிடும்.

மூன்றாவது அடையாளத்தை மூக்கும் காதும் சொல்லும். பள்ளிவாசலை ஒட்டி அத்தர், துணி போன்ற தூய்மையான தொழில்களும், தொலைவில் சாயம், தோல், இரும்பு போன்ற நாற்றமும் இரைச்சலும் மிக்க தொழில்களும் அமைந்தன. நறுமணம் வந்தால் ஸைத்தூனா பக்கத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். ஸைத்தூனாவின் தொழுகைக் கூடத்துக்குள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. காலையில், தொழுகை இல்லாத வேளையில், முற்றத்தைப் பார்க்க முடியுமா என்று வாயிலில் கேளுங்கள். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துங்கள்.

ஷெஷியா என்னும் சிவப்புக் கம்பளித் தொப்பி செய்வோரின் கடைத்தெருவுக்கு அரை மணி நேரமாவது கொடுங்கள். 1609இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் இங்கே வளர்த்த தொழில் இது. பின்னிய தொப்பியை வெந்நீரில் இறுகவைத்து, காய்ந்த முட்செடித் தலைகளால் அதன் மேற்பரப்பைத் திரும்பத் திரும்பச் சீவி, வெல்வெட் போன்ற மென்மையைக் கொண்டுவருகிறார்கள். அனுமதி கேட்டுவிட்டு அருகில் நின்று பாருங்கள். வாங்கினால் இந்தத் தெருவிலேயே வாங்குங்கள். அதன் பிறகு எல் பிர்கா கடைத்தெருவுக்குச் செல்லுங்கள். இன்று தங்க நகை விற்கும் அந்தச் சதுக்கத்தில் முன்பு அடிமைகள் ஏலம் விடப்பட்டார்கள். 1846இல் ஆட்சியாளர் அகமது பே அடிமை முறையை ஒழித்தார்.

"பள்ளிவாசல் மூடியிருக்கிறது, இன்று மட்டும் கம்பளக் கண்காட்சி, மாடியிலிருந்து நகரம் முழுவதும் தெரியும்" என்று யாராவது அழைத்தால், நன்றி கூறி நடந்துவிடுங்கள். மாடிக் காட்சி அழகானதே. ஆனால் இறங்கும் வழி கம்பளக் கடைக்குள்தான் போகும்.

பிற்சேர்க்கை

கூரையிட்ட கடைத்தெருக்களில் கைபேசி வரைபடம் இடம் மாற்றிக் காட்டுகிறது என்று வாசகர்கள் எழுதியிருந்தார்கள். உண்மைதான், வளைகூரைக்குக் கீழே ஜிபிஎஸ் தடுமாறும், மினாராவும் தெரியாது. இணையமின்றி இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் செயலியில் சந்துகள் தெளிவாகக் குறிக்கப்பட்டிருப்பதால் அதையே விரும்புகிறேன். எனினும் வானம் தெரியும் இடத்துக்கு வந்த பிறகே அதை நம்புங்கள். முட்டுச்சந்துக்குள் போய்விட்டால் படம் எடுக்காமல் திரும்பிவிடுங்கள். அவை குடும்பங்கள் வாழும் இடங்கள்.

மிஞ்சிய தினாரை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார்கள். மாற்றிய ரசீதைக் காட்டி, விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனைக்குச் செல்வதற்கு முன்பே வெளிநாட்டுப் பணமாக மாற்றிக்கொள்ளுங்கள்.